பூட்டிய வீட்டின் கதவு திறக்கப்பட்டதா? பதிவுக் கருவியை நீங்களே அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் கதவு நாம் இல்லாத நாள்களில் திறக்கப்பட்டதா, எந்த நாளில் எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது, எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பவற்றை எழுதி வைக்கும் சிறு பெட்டி ஒன்றைச் செய்யும் முறையை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எங்கள் ஊர் வீட்டுக்காக முதலில் ஒன்று செய்தேன். பிறகு உறவினர்களும் நண்பர்களும் தாங்களே செய்ய முயன்றபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். பற்றவைப்பில் தவறியவர்கள் குறைவு. படிகளின் வரிசையை மாற்றியதால் தவறியவர்களே அதிகம்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். நான் செய்த முதல் கருவி நான்கு மாதம் கழித்துத் திறந்து பார்த்தபோது ஒரு திறப்பைக்கூடக் காட்டவில்லை. நிம்மதியாக இருந்தது. பிறகு மின்கலத்தை அளந்தபோதுதான் அது எப்போதோ தீர்ந்து போயிருந்தது தெரிந்தது. பதிவு இல்லை என்றால் கதவு திறக்கப்படவில்லை என்றும் கொள்ளலாம், கருவி செத்துக் கிடந்தது என்றும் கொள்ளலாம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் பயனில்லை. கீழே வரும் படிகளில் பாதி அந்தப் பிரிவினைக்காகவே இருக்கின்றன.

1. உடனே தெரிய வேண்டுமா, பின்னர் தெரிந்தால் போதுமா?

கடையில் கிடைக்கும் வைஃபை கதவு உணரிகள் கதவு திறந்த நொடியில் கைபேசிக்குச் செய்தி அனுப்பும். அந்தச் செய்தி வந்து சேர வேண்டுமானால் வீட்டில் மின்சாரம், ரவுட்டர், இணைய இணைப்பு, உணரியை விற்ற நிறுவனத்தின் சேவையகம், உங்கள் கைபேசி ஆகிய ஐந்தும் அந்த நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும்.

ஊர் வீட்டைப் பூட்டும்போது நம்மில் பெரும்பாலோர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். அத்துடன் ரவுட்டரும் அணைந்துவிடும். அதன்பின் அந்த உணரி சுவரில் ஒட்டிய வெறும் பிளாஸ்டிக்தான். ரவுட்டருக்கு மட்டும் சிறிய யு.பி.எஸ். வைப்பவர்கள் உண்டு, அது சில மணி நேர மின்தடைக்கு உதவும், சில மாதங்களுக்கு உதவாது.

நீங்கள் குடியிருக்கும் வீட்டில், பகலில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புபவர் என்றால், அந்த வைஃபை உணரியே போதும். இந்த வழிகாட்டி உங்களுக்குத் தேவையில்லை. வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: அவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே சேரும், 5 கிகாஹெர்ட்ஸில் சேராது. மின்சாரமும் இணையமும் இல்லாத பூட்டிய வீட்டுக்கு, தன் நினைவகத்திலேயே எழுதி வைக்கும் கருவிதான் ஏற்றது.

2. கதவை அளந்த பிறகே பொருள் வாங்குங்கள்

புதியவர்கள் முதலில் பொருளை வாங்கி, பிறகு கதவைப் பார்க்கிறார்கள். கதவில் மூன்று விவரங்களை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கதவு எதனால் ஆனது என்பது. காந்தத்தால் இயங்கும் உணரியை இரும்புக் கதவில் நேரடியாகப் பொருத்தினால், காந்தப்புலத்தின் பெரும்பகுதியை அந்த இரும்பே இழுத்துக்கொள்ளும். 20 மில்லிமீட்டரில் வேலை செய்ய வேண்டியது சில மில்லிமீட்டரிலேயே நின்றுவிடலாம். இரும்புக் கதவுக்குக் காந்தத்தின் அடியில் ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள மரத் துண்டோ பிளாஸ்டிக் துண்டோ வைக்க வேண்டியிருக்கும். வெளியே கிரில் கதவும் உள்ளே மரக் கதவும் இருந்தால், யோசிக்காமல் மரக் கதவையே தேர்ந்தெடுங்கள். ஷட்டருக்கு இந்த உணரி உதவாது. அதற்கென்று அகன்ற இடைவெளியிலும் வேலை செய்யும் தனி வகை விற்கிறது.

இரண்டாவது, கதவு ஒற்றையா இரட்டையா என்பது. பழைய வீடுகளின் இரட்டைக் கதவில் ஒன்று எப்போதும் தாழிட்டே இருக்கும் என்று நினைத்து மற்றதில் மட்டும் உணரி வைத்தார் நண்பர் ஒருவர். தாழிட்ட கதவை வெளியே இருந்து யாரும் திறக்க முடியாது என்பது அவர் வாதம். கொல்லைப்புறம் வழியாக வந்தவர் திறக்கலாமே! இரண்டு கதவிலும் ஒவ்வோர் உணரி வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் இணைத்துவிட்டால், எது திறந்தாலும் பதிவாகும். செலவு மிகச் சிறியது.

மூன்றாவது, பூட்டிய நிலையிலும் கதவு எவ்வளவு ஆடுகிறது என்பது. வெளியே பூட்டுப் போட்டுவிட்டுக் கையால் தள்ளி இழுத்துப் பாருங்கள். நாதாங்கி தளர்ந்த கதவு 10 மில்லிமீட்டர்கூட ஆடும். அந்த ஆட்டத்தை உணரி திறப்பு என்று எடுத்துக்கொள்ளாதபடி காந்தத்தை வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் உப்பி ஆட்டம் குறையும். கோடையில் மீண்டும் கூடும். எனவே கோடை அளவே கணக்கு.

3. தேவையானவை

எம்.சி.38 என்ற பெயரில் விற்கும் கம்பியுள்ள காந்தக் கதவு உணரி, நிரலை ஏற்றி இயக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையான 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ புரோ மினி, டி.எஸ்.3231 கடிகாரச் சிப்பும் ஏ.டி.24சி32 நினைவகமும் சேர்ந்த இசட்.எஸ்.042 பலகை, அதற்கு ஒரு சி.ஆர்.2032 பட்டன் செல்; 3 ஏஏ அல்கலைன் செல்களும் அவற்றுக்கான ஹோல்டரும்; சிறிய பஸர்; 1 மெகாஓம் மின்தடை ஒன்று, 1 கிலோஓம் மின்தடை மூன்று, 100 நானோஃபாரட் கண்டன்சர் ஒன்று; பலகையைக் கணினியோடு இணைக்கும் யூ.எஸ்.பி. சீரியல் மாற்றி, மைக்ரோஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டர், பித்தளை அல்லது காந்தத்தில் ஒட்டாத எவர்சில்வர் திருகுகள்.

கடைசியில் சொன்ன திருகை அலட்சியம் செய்யாதீர்கள். இரும்புத் திருகு காந்தப்புலத்தைத் திசைதிருப்பும். மேசையில் சரியாக வேலை செய்த உணரி கதவில் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று அரை நாள் தேட வைக்கும்.

கடிகாரத்துக்கு டி.எஸ்.1307 பலகை மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்க வேண்டாம். அதில் வெப்பநிலைக்கு ஏற்ப நேரத்தைத் திருத்தும் ஏற்பாடு இல்லை. பூட்டிய வீட்டின் கோடை வெப்பத்தில் அது மாதத்துக்கு ஒரு நிமிடம், சில நேரம் அதற்கு மேலும் விலகும். டி.எஸ்.3231 அந்த ஏற்பாடு உள்ளது. 0 முதல் 40 டிகிரி வரை அதன் பிழை பத்து லட்சத்தில் 2 பங்குதான், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். சிப்பின் மேல் அச்சிட்ட எண்ணின் இறுதியில் எம் என்ற எழுத்து இருந்தால் பத்து லட்சத்தில் 5 பங்கு. நம் வேலைக்கு அதுவும் போதும்.

4. உணரியை மேசையில் வைத்து அறிந்துகொள்ளுங்கள்

எம்.சி.38 உணரியின் உள்ளே கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள் இருக்கின்றன. காந்தம் அருகில் வந்தால் அவை ஒட்டிக்கொள்ளும்; விலகினால் பிரியும். இதைத்தான் ரீட் சுவிட்ச் என்கிறோம்.

மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, ஓர் அளவுகோலின் மீது காந்தத்தை மெதுவாக நகர்த்துங்கள். ஒலி தொடங்கும் தூரத்தையும் ஒலி நிற்கும் தூரத்தையும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. விலக்கும்போது கொஞ்சம் கூடுதல் தூரம் வரை ஒட்டியே இருக்கும். ஒலி தொடங்கும் தூரம்தான் பொருத்துவதற்கு உரிய அளவு. ஒலி நிற்கும் தூரம், கதவு எவ்வளவு திறந்தால் பதிவாகும் என்பதைச் சொல்கிறது. பெட்டியில் 15 முதல் 25 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தாலும், கையில் இருக்கும் துண்டை அளந்தே ஆக வேண்டும்.

காந்தத்தை இணையாக நகர்த்திப் பார்ப்பது போலவே, கதவு விலகும் திசையிலும் நகர்த்திப் பாருங்கள். திசை மாறினால் தூரமும் மாறும்.

5. கடிகாரப் பலகையை முதலில் திருத்துங்கள்

இந்தப் படியை மின்சாரம் கொடுக்கும் முன்பே செய்ய வேண்டும். இசட்.எஸ்.042 பலகையில், பட்டன் செல்லுக்கு மின்னேற்றம் கொடுக்க மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடும் 200 ஓம் மின்தடையும் இருக்கின்றன. அவை மறுமின்னேற்றம் செய்யக்கூடிய எல்.ஐ.ஆர்.2032 செல்லை எண்ணி வைக்கப்பட்டவை. நாம் போடும் சி.ஆர்.2032 மின்னேற்றம் செய்யக் கூடாத வகை. புதிய ஏஏ செல்கள் மூன்றும் சேர்ந்து 4.8 வோல்ட் வரை தரும்போது, டயோடைத் தாண்டி 4 வோல்ட்டுக்கு மேல் அந்தச் செல்லுக்குள் புகும். செல் உப்பலாம், கசியலாம். டயோடைச் சூடு காட்டி எடுத்துவிடுங்கள்.

அதே பலகையில் எரியும் சிறு விளக்கையும், புரோ மினியில் எரியும் விளக்கையும் அகற்றுங்கள். ஒரு விளக்கு ஒரு மில்லியாம்பியர்தான் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 24 மில்லியாம்பியர் மணி. 2000 மில்லியாம்பியர் மணி தரும் செல்கள் மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிடும். என் முதல் கருவியைக் கொன்றவை இந்த இரண்டு விளக்குகள்தான்.

நேரத்தை ஏற்றும்போது பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. மாதிரி நிரல்களில், நிரல் தொகுக்கப்பட்ட நேரத்தையே கடிகாரத்தில் எழுதும் வரி ஒன்று இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டால், கருவி மீண்டும் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் நிரல் எழுதிய நாளுக்கே திரும்பிப் போகும். நேரத்தை ஏற்ற ஒரு தனி நிரல், பதிவுக்கு ஒரு தனி நிரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதை ஒரே ஒரு முறை ஓட்டிவிட்டு இரண்டாவதை ஏற்றுங்கள்.

6. இணைப்பு

மூன்று ஏஏ செல்களின் நேர்முனையைப் புரோ மினியின் வி.சி.சி. முனையில் நேராகக் கொடுங்கள். ரா என்ற முனையில் கொடுக்க வேண்டாம். ரா வழியே போனால் பலகையின் மின்னழுத்தச் சீராக்கியைத் தாண்ட வேண்டும். அது தன் பங்குக்கு எப்போதும் மின்சாரம் குடிக்கும். இந்தப் பலகையில் உள்ள சிப்பு, கடிகாரம், நினைவகம் மூன்றும் 5.5 வோல்ட் வரை தாங்கும், ஆகவே 4.8 வோல்ட்டில் தொடங்கி, செல் ஒன்றுக்கு 0.9 வோல்ட் ஆகும் வரை சீராக்கி இல்லாமலே கருவி ஓடும். வி.சி.சி. முனையில் செல்களைத் தலைகீழாக மாட்டினால் காக்க எதுவும் இல்லை என்பதால், ஹோல்டரின் கம்பி நிறத்தை இரண்டு முறை பாருங்கள்.

உணரியின் ஒரு கம்பியை எதிர்முனையிலும், மற்றதை 1 கிலோஓம் வழியாக டி2 முனையிலும் சேருங்கள். டி2 முனையிலிருந்து வி.சி.சி.க்கு 1 மெகாஓம், எதிர்முனைக்கு 100 நானோஃபாரட். கதவு மூடியிருக்கும்போது சுவிட்சும் மூடியிருக்கும், டி2 தாழ்ந்திருக்கும். கதவு திறந்தால் டி2 உயரும். இப்படி வைப்பதற்குக் காரணம் உண்டு: கம்பியை யாராவது அறுத்தாலோ எலி கடித்தாலோ, அதுவும் திறப்பு என்றே பதிவாகும். இதைத் தலைகீழாக அமைத்தால், அறுந்த கம்பி என்றென்றும் மூடிய கதவாகத் தெரியும்.

சிப்பின் உள்ளேயே மேலிழுக்கும் மின்தடை இருக்கும்போது வெளியே 1 மெகாஓம் எதற்கு என்று கேட்பார்கள். உள்ளிருப்பது 20 முதல் 50 கிலோஓம். கதவு மூடியிருக்கும் மாதங்கள் முழுவதும் அதன் வழியே 90 முதல் 225 மைக்ரோஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். 1 மெகாஓமில் ஓடுவது 5 மைக்ரோஆம்பியருக்கும் குறைவு. மின்தடையும் கண்டன்சரும் சேர்ந்து ஏறத்தாழ பத்தில் ஒரு நொடித் தாமதத்தைத் தருவதால், திறக்கும்போது நாக்குகள் அதிரும் அதிர்வும் அடங்கிவிடும். நிரலில் உள்மின்தடையை இயக்கும் கட்டளை எங்கும் இல்லை என்பதைச் சரிபாருங்கள். பழக்கத்தில் கை தானாக அதை எழுதிவிடும்.

கடிகாரத்தின் தரவு, துடிப்பு முனைகளைப் புரோ மினியின் ஏ4, ஏ5 முனைகளிலும், அலார முனையை டி3 முனையிலும் சேருங்கள்.

7. நிரல் எதை எழுத வேண்டும்?

ஏ.டி.24சி32 நினைவகத்தில் 4096 பைட்டுகள் உண்டு. ஒரு பதிவுக்கு 8 பைட்டு என்று கொண்டால் 512 பதிவுகள். நேரத்துக்கு 4, நிகழ்வின் வகைக்கு 1, மின்கல அழுத்தத்துக்கு 1, வரிசை எண்ணுக்கு 2. இந்த 8 என்ற அளவு தற்செயலானது அல்ல: நினைவகம் 32 பைட்டுப் பக்கங்களாகப் பிரிந்திருக்கிறது, 8 அதில் மீதியின்றி அடங்குவதால் எந்தப் பதிவும் இரண்டு பக்கங்களில் உடைந்து விழாது. 10 பைட்டு, 12 பைட்டு என்று எழுதியவர்கள், சில பதிவுகள் மட்டும் குப்பையாக வருவதைக் கண்டு குழம்பியிருக்கிறார்கள்.

வரிசை எண் எதற்கு என்றால், கடிகாரமே தவறினாலும் எது முன், எது பின் என்பது அழியாமல் இருப்பதற்காக.

நிகழ்வின் வகைகள் ஆறு. திறப்பு, மூடல் இரண்டும் தெளிவு. மூன்றாவது தொடக்கம்: கருவிக்கு மின்சாரம் போய் வந்த ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும், யாராவது செல்லைக் கழற்றி மாட்டியிருந்தால் இது காட்டிக்கொடுக்கும். நான்காவது கடிகாரக் கோளாறு: டி.எஸ்.3231 தன் அலைவு எப்போதாவது நின்றிருந்தால் அதை ஒரு கொடியில், அதாவது சிப்புக்குள் உள்ள ஒரு குறியில், ஏற்றி வைத்திருக்கும். தொடங்கும்போது அந்தக் கொடியைப் படித்து எழுதுங்கள். ஐந்தாவது அதிர்வு: ஒரு நிமிடத்தில் பத்து மாற்றங்களுக்கு மேல் வந்தால், தனித்தனியே எழுதாமல் அந்த நிமிடத்துக்கு ஒரே பதிவு, இல்லாவிட்டால் ஒரு புயல் இரவே நினைவகத்தை நிரப்பிவிடும்.

ஆறாவதுதான் இந்தக் கருவியின் உயிர்: இருப்புப் பதிவு. காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் கருவி விழித்து, நான் உயிரோடு இருக்கிறேன், கதவு இப்போது இந்த நிலையில் இருக்கிறது, மின்கலம் இவ்வளவு என்று எழுத வேண்டும். டி.எஸ்.3231 சிப்பில் இரண்டு அலாரங்கள் இருப்பதால் வேளைக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். அலாரம் அடித்த பின் அதன் கொடியை நிரல் கீழே இறக்க வேண்டும். இறக்காவிட்டால் முனை தாழ்ந்தே நின்று, அடுத்த அலாரம் வராது. முதல் இருப்புப் பதிவு மட்டும் வந்து பிறகு ஒன்றுமே வராத கருவிகளில் நான் பார்த்தவரை காரணம் இதுதான்.

நாளுக்கு இரண்டு என்றால் வேறு நிகழ்வே இல்லாதபோது 256 நாள் தாங்கும். அதற்கு மேல் வெளியே இருப்பவர்கள் நாளுக்கு ஒன்றாகக் குறைக்கலாம். நினைவகம் நிரம்பினால் பழையதை அழித்து எழுத வேண்டும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் திறப்புத்தான் பெரும்பாலும் முக்கியமானது. நிரம்பினால் எழுதுவதை நிறுத்துவதே நல்லது.

மற்ற நேரங்களில் சிப்பு முழு உறக்கத்தில் இருக்க வேண்டும். டி2 இரு திசையில் மாறினாலும் விழிக்க வேண்டும். திறப்பில் மட்டும் விழிக்கும்படி எழுதினால், எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பது தெரியாமல் போகும்.

பஸர், கருவி தொடங்கிய முதல் 15 நிமிடங்களில் மட்டும் ஒவ்வொரு மூடலுக்கும் ஒரு சிறு ஒலி தர வேண்டும். பிறகு வாய் திறக்கக் கூடாது. காரணம் 10ஆம் படியில் தெரியும்.

8. மேசையில் மூன்று நாள்

கதவில் பொருத்தும் அவசரத்தை இங்கே அடக்குங்கள். முதல் வேலையாக, உறங்கும் நிலையில் மின்னோட்டத்தை அளங்கள். டி.எஸ்.3231 சிப்பே ஓய்வில் 5.5 வோல்ட்டில் அதிகபட்சம் 170 மைக்ரோஆம்பியர் எடுக்கும். மொத்தம் 200 மைக்ரோஆம்பியர் அளவில் இருந்தால் நாளுக்கு 5 மில்லியாம்பியர் மணி. செல்கள் ஓராண்டு தாண்டும். மில்லியாம்பியர் கணக்கில் காட்டினால், அகற்றாத விளக்கு இருக்கிறது, அல்லது சிப்பு உறங்கவில்லை.

பிறகு மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டு, இடையிடையே காந்தத்தை விலக்கிச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் நேரத்தைத் தாளில் எழுதுங்கள். ஒரு முறை செல்களைக் கழற்றி மாட்டுங்கள். ஒரு முறை உணரிக் கம்பியைப் பிடுங்குங்கள். மூன்றாம் நாள் முடிவில் தாளையும் பதிவையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஆறு இருப்புப் பதிவுகள் வந்திருக்க வேண்டும்; ஐந்து வந்திருந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

பதிவைப் படிக்க, பலகையின் மீட்டமைப்புப் பொத்தானை அழுத்தி, முதல் ஐந்து நொடிக்குள் கணினியிலிருந்து ஓர் எழுத்தை அனுப்பினால் எல்லாவற்றையும் கொட்டும்படி நிரலை அமைத்துக்கொள்வது எளிது. சீரியல் மாற்றியின் எதிர்முனையையும் இரண்டு தரவுக் கம்பிகளையும் மட்டும் இணையுங்கள். தரவுக் கம்பி ஒவ்வொன்றிலும் 1 கிலோஓம் போடுங்கள். மாற்றியின் மின்சாரக் கம்பியை இணைத்தால், அது உங்கள் ஏஏ செல்களுக்குள் மின்சாரத்தைத் தள்ளும்.

9. கதவில் பொருத்துதல்

கீல் இல்லாத பக்கத்தில், மேல் மூலையில் வையுங்கள். கீல் பக்கத்தில் வைத்தால், கை நுழையும் அளவுக்குக் கதவு திறந்த பிறகும் காந்தம் விலகியிருக்காது. கீழே வைத்தால் துடைக்கும்போது ஈரம் படும், காலும் படும்.

கம்பியுள்ள பகுதி நிலைச்சட்டத்தில், காந்தம் கதவில். மாற்றி வைத்தால் கதவு ஆடும்போதெல்லாம் கம்பி மடங்கி, சில மாதங்களில் உள்ளுக்குள் ஒடிந்துவிடும்.

மூடிய நிலையில் இடைவெளி, 4ஆம் படியில் ஒலி தொடங்கிய தூரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. கதவின் ஆட்டத்தையும் கூட்டிய பிறகே இந்தப் பாதி. ஒலி தொடங்கும் தூரம் 20 மில்லிமீட்டர், கதவு ஆடுவது 5 மில்லிமீட்டர் என்றால், மூடிய நிலையில் இடைவெளி 5 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும்.

இருபக்க ஒட்டுநாடாவை இடம் குறிக்க மட்டும் பயன்படுத்துங்கள். மாசியில் பிடித்த நாடா சித்திரையில் விடும். காந்தம் கீழே விழுந்த நொடியில் கருவி திறப்பு என்று எழுதும். அடுத்த ஆறு மாதம் கதவு திறந்தே கிடந்ததாகச் சொல்லும். அப்படி ஒரு பதிவைப் படித்த ஒருவர் பதறிப்போனார்; காந்தம் கதவோரத்தில் தூசிக்குள் கிடந்தது.

பெட்டியைக் கதவருகே வைக்க வேண்டாம். உள்ளே வருபவரின் கண்ணில் படாத உயரத்தில், பரணிலோ அலமாரியின் மேலோ வையுங்கள். கம்பியை நிலைச்சட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக் கொண்டுபோங்கள். வீட்டின் மின்கம்பியோடு நெடுந்தூரம் ஒட்டி ஓட விடாதீர்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர் தம் அறைக்குள் இதை வைப்பதில் தவறில்லை. பிறர் குடியிருக்கும் கதவில், அவர்களுக்குத் தெரியாமல் வைப்பது வேறு விஷயம். அதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்.

10. புறப்படும் நாள்

புதிய செல்களைப் போடுங்கள். பழையதும் புதியதும் கலக்க வேண்டாம். பலமிழந்த செல் தலைகீழாக மின்னேற்றம் பெற்றுக் கசியும். பழைய பதிவுகளை அழித்துவிட்டு, கடிகாரத்தைக் கைபேசியின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். மீட்டமைப்புப் பொத்தானை அழுத்துங்கள். பெட்டியை மூடி மேலே வைத்து, வெளியே வந்து கதவைச் சாத்துங்கள்.

இப்போது கருவி உள்ளே, நீங்கள் வெளியே. அது உங்கள் மூடலைக் கண்டதா என்பதை அறிய வேறு வழியில்லை. அதற்காகத்தான் அந்தப் பஸர் ஒலி. ஒலி கேட்ட பிறகு பூட்டுங்கள். கேட்காவிட்டால் திறந்து உள்ளே போய்க் காரணத்தைப் பாருங்கள். வண்டி காத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டால் இதுவரை செய்த எதற்கும் பயனில்லை. 15 நிமிடம் கழிந்தால் பஸர் அடங்கிவிடும் என்பதால், பின்னர் வருபவருக்குக் கருவி இருப்பது தெரியாது.

பூட்டிய நேரத்தைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

11. திரும்பி வந்ததும்

கதவைத் திறக்கும் முன் கைபேசியின் நேரத்தை நொடி வரை பாருங்கள். பதிவைக் கணினிக்கு இறக்கி, ஒரு நகல் எடுத்த பிறகு கீழிருந்து படிக்கத் தொடங்குங்கள். கடைசியில் இருக்கும் தொடக்கம், பதிவை இறக்க நீங்கள் பொத்தானை அழுத்தியதால் வந்தது. அதற்கு முந்தைய திறப்பு உங்களுடையது. அதன் நேரம் நீங்கள் குறித்ததோடு ஒத்திருக்க வேண்டும். 100 நாளில் 17 நொடி விலகல் இயல்பு. ஒரு நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் மற்ற நேரங்களையும் ஐயத்தோடு பாருங்கள்.

அடுத்து இருப்புப் பதிவுகளை மட்டும் எண்ணுங்கள். 90 நாள் என்றால் 180, புறப்பட்ட நாளையும் வந்த நாளையும் பொறுத்து ஒன்று கூடலாம், குறையலாம். எண்ணிக்கை சரி என்றால்தான், இடையில் திறப்பு எதுவும் இல்லை என்பதை நம்பலாம். எண்ணிக்கை குறைந்தால், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை கருவி கண்மூடி இருந்தது என்று பாருங்கள். அந்த நாள்களைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இதன் பிறகே திறப்புகளைப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பதிவில் ஓர் அக்டோபர் இரவில், 02:13:07 திறப்பு, 02:13:07 மூடல், 02:13:09 திறப்பு, 02:13:09 மூடல் என்று வரிசையாக இருந்தது. பிறகு அதிர்வுப் பதிவுகள். ஒரே நொடிக்குள் ஒரு மனிதன் கதவைத் திறந்து மூட மாட்டான். அது காற்று; நாதாங்கி தளர்ந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

அதே பதிவில் நவம்பர் மாதத்து மாலை ஒன்று வேறு மாதிரி இருந்தது. 16:42:10 திறப்பு, 16:42:31 மூடல், 17:05:48 திறப்பு, 17:06:02 மூடல். உள்ளே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, 23 நிமிடம் இருந்துவிட்டு, நிதானமாகப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பூட்டு உடையவில்லை, சாவி இருப்பவர் எங்கள் சித்தி மட்டுமே. கேட்டபோது, “ஆமாம்ப்பா, வளைகாப்புக்கு அண்டா எடுக்க வந்தேன், உன்கிட்ட சொல்ல மறந்தே போச்சு” என்றார். கதவு எப்போது திறந்தது என்பதைத்தான் கருவி சொல்லும், யார் திறந்தார் என்பதைச் சொல்லாது. பதிவைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் குற்றம் சாட்டும் தொனியில் பேச்சைத் தொடங்காதீர்கள்.

எல்லாத் திறப்புகளுக்கும் விடை கிடைக்கும் வரை நினைவகத்தை அழிக்க வேண்டாம். கணினியில் நகல் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் நகலெடுக்கும்போது ஒரு வரி விடுபட்டிருந்தால் திரும்பப் பார்க்க வேறு இடம் இல்லை. விடை கிடைத்த பிறகு அழித்து, ஏஏ செல்களை மாற்றி, நாதாங்கியை இறுக்கிவிட்டு, 10ஆம் படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.